ஒன்பது, மேலிருந்து கீழ்: குடுவைச்செடியின் மூடி

மறுப்பு வந்த காலை

திங்கட்கிழமை காலை கைப்பையை மேசையில் வைப்பதற்குள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"அலோ, புதிர் போடுற மல்லிகா அக்காவா?"

"ஆமா, சொல்லுங்க."

"ஒன்பது, மேலிருந்து கீழ். என்னாலா அக்கா இது? அந்த மூடி மூடும்லா! சின்னப் பிள்ளைக்கும் தெரியும்லா!"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். உடனே மறுபடியும் அடித்தது. இந்த முறை ஓர் அம்மாள், பட்டர்வொர்த்திலிருந்து. அவரும் அதே ஒன்பதுதான், அதே மேலிருந்து கீழ்தான். "தப்பா போட்டுட்டீங்க, பரவால்ல, மனுசங்கதானே" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். பசியாறப் போகக்கூட நேரமில்லாமல் மத்தியானம் வரைக்கும் இதே கதைதான். எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரே குஷி. இத்தனை பேர் நம் புதிரை இவ்வளவு கூர்ந்து படிக்கிறார்களா!

நான் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ் வார இதழில் வேலை பார்க்கிறேன். அச்சுக்கோப்பவளாக உள்ளே வந்து, பக்கம் வடிவமைத்து, கடைசியில் குறுக்கெழுத்துப் புதிரில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறுதோறும் வரும் இதழில் அரைப் பக்கம் என்னுடையது. "இதுவும் ஒரு வேலையா?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "நாங்களும் புதிர் போட வரலாமா?" என்று கேட்கும் இளையவர்களும் இப்போது வருகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

அந்த வாரம் நான் எழுதியிருந்த குறிப்பு இதுதான்: "உள்ளே பூச்சி விழுந்தாலும் இதன் மூடி மூடாது (6)". விடை, குடுவைச்செடி. மலாய்க்காரர்கள் பெரியுக் கெரா என்பார்கள், குரங்கின் சட்டி. இலை நுனியில் ஒரு கொடி நீண்டு, அதன் முனையில் சின்னக் குடுவை தொங்கும். குடுவைக்கு மேலே ஒரு மூடி. உள்ளே கொஞ்சம் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். எறும்போ ஈயோ வழுக்கி விழுந்தால் அதிலேயே செரித்துப்போகும்.

விடையைக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் சிரமம் இல்லை. எல்லோரும் கண்டுபிடித்துவிட்டுத்தான் சண்டைக்கு வந்தார்கள்.


புதிருக்குச் செல்லப்பிள்ளை

பூச்சி தின்னும் செடிகள் என்றால் புதிர் போடுகிறவர்களுக்குத் தனிப் பிரியம். செடி அசையாது, பூச்சி பறக்கும். ஆனாலும் செடிதான் பூச்சியைத் தின்கிறது. குறிப்பு எழுத இதைவிட நல்ல விஷயம் எங்கே கிடைக்கும்? படிக்கிறவர் ஒரு நொடி நின்று யோசிப்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் வாழ்கிறோம்.

அழுகண்ணி என்று ஒன்று இருக்கிறது. தரையோடு தரையாக வளரும், இலை முழுக்கப் பசைத் துளி. ஐந்து கட்டம்தான். எந்த மூலையிலும் உட்கார்ந்துகொள்ளும். குடுவைச்செடிக்கு ஆறு கட்டம், ஆனால் நடுவில் 'ச்' வருகிறது. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது, 'ச்' என்று முடிவதும் இல்லை. ஆகவே அந்தக் கட்டத்தைக் குறுக்கே கடக்கும் சொல்லுக்கு 'ச்' நடுவில்தான் வரவேண்டும். அன்றைக்கு நான் பச்சைக்கிளியைக் குறுக்கே ஓட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த மாதிரி ஒன்று அமையும்போது நாற்காலியைவிட்டு எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன், எனக்கு அது பழக்கம்.

சரி, மூடாது என்று ஏன் எழுதினேன்? போன பள்ளி விடுமுறையில் தங்கை குடும்பத்தோடு கொடிமலைக்குப் போயிருந்தேன். மலை ரயிலில் ஏறி மேலே போனால் ஒரு மூலையில் குடுவைச்செடிகள் வளர்த்திருந்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு கறுப்பு எறும்பு குடுவையின் வாயில் சுற்றிக்கொண்டிருந்தது. மூடியின் அடியில் எதையோ நக்கியது. கால் வழுக்கியது. உள்ளே போய்விட்டது! இப்போது மூடப்போகிறது, இப்போது மூடப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூடி அப்படியே இருந்தது. தங்கை ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், மூடியும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் குறிப்பு தயார். மூடும் என்று எல்லோரும் நினைக்கிற ஒன்றை மூடாது என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிரை அச்சுக்கு அனுப்பும் முன் வெளியாள் ஒருவர் போட்டுப் பார்க்க வேண்டும். போடும்போது புதிர்க்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எனக்குப் போட்டுப் பார்ப்பவர் ஜமால் பாய். எங்கள் அலுவலகம் இருக்கும் மாடிக்குக் கீழே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காலைக் கூட்டம் வடிந்ததும் காதில் செருகிய பேனாவை எடுப்பார். ஒரு கண் புதிரில், ஒரு கண் குழம்புச் சட்டியில். எந்தக் குறிப்பில் அவர் பேனா நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று ஒன்பதில் நின்றது.

"மூடாதா? மூடும்னுலா எனக்கு ஞாபகம்."

நான் வாயைத் திறக்கவில்லை. வழக்கத்தை மீறக்கூடாது. பாய் என் முகத்தைப் பார்த்தார், கட்டத்தை நிரப்பினார், சிரித்தார்.

"சண்ட வரும் மல்லிகா. ஆனா நல்ல சண்டதான். மாத்தாத, விடு."


பாஸ்கர் சாரின் கெடு

எங்கள் ஆசிரியர் பாஸ்கர் சார். எனக்கு முன்னால் பல வருடம் அவர்தான் புதிர் போட்டவர். ஆசிரியர் ஆன பிறகு நேரமில்லாமல் என்னிடம் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் முதல் ஆளாகப் போட்டு முடித்துவிட்டு, திங்கள் காலையில் "பதினாலு இடமிருந்து வலம் கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு" என்பார்.

அந்தத் திங்கள் மத்தியானம் அறைக்குள் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? காலையிலேர்ந்து போன் ஓயல. வாசகர் புதிர்க் குழு வாட்ஸ்அப்ல ஒன்ன வறுத்து எடுக்குறாங்க."

"சார், அது மூடாது. நானே பாத்தேன்."

"எவ்ளோ நேரம் பாத்த?"

"தங்கச்சி ஐஸ் கச்சாங் சாப்பிட்டு வர்ற வரைக்கும்."

"அதுக்கப்புறம் மூடியிருந்தா?"

உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

பாஸ்கர் சார் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்.

"பாரு மல்லிகா. கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர்ல புதிர் செஞ்சு ரெடிமேடா விக்கிறாங்க. தப்பு வராது, சண்ட வராது. முதலாளி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு, நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள மூடாதுன்னு காட்டு. இல்லன்னா 'குறிப்பு பிழை, வருந்துகிறோம்'னு போடுவேன். அப்படிப் போட்டுட்டா முதலாளிகிட்ட ஒனக்காகப் பேச என்னால முடியாது."

அதாவது, ஒரு செடியின் மூடி என் அரைப் பக்கத்தைத் தீர்மானிக்கப் போகிறது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. கம்ப்யூட்டர் போடும் புதிரை நான் பார்த்திருக்கிறேன். 'ஒரு செடி', 'ஒரு ஊர்', 'ஒரு பறவை' என்று குறிப்பு எழுதும். அதைப் போட்டு முடித்தவர் யாராவது சண்டைக்கு வருவார்களா? என் வாசகர்களை அதனிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

சாயங்காலம் ஒரு தாவரவியல் புத்தகம் தேடி எடுத்தேன். மூடி மழைநீர் விழாமல் காக்கும் கூரை, அசையாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. துள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். பாஸ்கர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "வாசகருக்குப் புத்தகத்தக் காட்டினா, அவங்க வேற புத்தகத்தக் காட்டுவாங்க. பழைய பொதுஅறிவுப் புத்தகங்கள்ல பாதிக்கு மேல மூடும்னுதான் போட்டிருக்கு" என்றார். எரிச்சலாக இருந்தாலும் அது உண்மைதான். இலையே இரண்டாக மடிந்து ஈயைப் பிடிக்கிற செடி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அந்தச் செடியையும் இந்தக் குடுவையையும் போட்டுக் குழப்பி எழுதியவர்கள் நிறையப் பேர்.


பெரிப் படகில் வந்த செடி

செவ்வாய்க்கிழமை ராஜேந்திரன் போன் செய்தார். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். புதிர்க் குழுவின் தலைவர், அதாவது தன்னைத்தானே தலைவர் என்று அறிவித்துக்கொண்டவர். என் புதிரில் ஒரு குறை கண்டுபிடித்தால் அவருக்கு அந்த வாரம் முழுக்கத் தீபாவளிதான்.

"அக்கா, பேசிக்கிட்டே இருந்தா சரிவராது. நான் ஒரு செடியோட வர்றேன். ஒங்க கண்ணு முன்னால அது மூடுறதக் காட்டுறேன். முடியுமா?"

"வாங்க," என்றேன். நானே ஒரு செடியைத் தேடிப் பிடிக்க நினைத்திருந்தேன். எதிராளியே செடியைக் கொண்டுவருகிறார், அதுவும் மூடும் என்று அவ்வளவு உறுதியாக!

"நாளைக்கு லீவு போட்டுட்டு பெரில வர்றேன். பாஸ்கர் சாரையும் இருக்கச் சொல்லுங்க."

புதன் மத்தியானம் வந்தார். ஜமால் பாய் கடையில்தான் சந்திப்பு என்று முடிவாகியிருந்தது, ஏனென்றால் அங்கே எறும்புக்குப் பஞ்சமில்லை. ராஜேந்திரன் ஒரு கையில் செடித்தொட்டி, இன்னொரு கையில் விரித்த குடையோடு ஐந்தடி நடைபாதையில் நடந்து வந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"ஏன் குடை?" என்றேன்.

"பெரில காத்து பேய் மாதிரி அடிக்குதுக்கா. குடுவ ஆடுச்சு. விழுந்துடுமோன்னு பயந்துட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த சீன அப்பேக் தாத்தாகூட தொட்டியப் புடிச்சிக்கிட்டாரு."

சுங்கை ப்ராயில் ஒரு நர்சரியில் வாங்கினாராம். வாங்கியது முந்தாநாள். அதற்குள் அந்தச் செடியோடு அவர் காட்டிய நெருக்கத்தைப் பார்க்க வேண்டுமே. தொட்டியை மேசையில் வைக்கும்போது "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அந்த மனுஷனை அப்போதே பிடித்துப்போனது. சண்டைக்காரர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பாஸ்கர் சார் இறங்கி வந்தார். ஜமால் பாய் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். யார் ஜெயித்தாலும் தோற்றவர் கடையிலுள்ள எல்லோருக்கும் நுரை பொங்கும் தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும் என்று யாரோ அறிவித்தார்கள். பாய் மட்டும் "யாரு தோத்தாலும் எனக்கு லாபம்லா" என்று சிரித்தார்.


மூடியிருந்த குடுவை

பெரிய குடுவை ஒன்று எங்களைப் பார்த்தபடி தொங்கியது. பச்சையில் சிவப்புக் கோடுகள், வாயைச் சுற்றி வழவழப்பான விளிம்பு, மேலே நிமிர்ந்த மூடி. சர்க்கரை டப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்த எறும்புகளில் ஒன்றை ஒரு காகிதத் துண்டில் ஏற்றி, பாய் விளிம்பில் விட்டார். அது சுற்றியது. மூடியின் அடிப்பக்கம் ஏறியது. இறங்கியது. வழுக்கியது. உள்ளே!

கறிக்குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மூடி அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

"பொறுங்கக்கா. பெரில வந்த அலுப்பு. கொஞ்ச நேரத்துல மூடும்" என்றார் ராஜேந்திரன்.

பொறுத்தோம். இன்னொரு எறும்பு விட்டோம், அதுவும் விழுந்தது. பொறுத்தோம். தட்டோடு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு மறுபடியும் வந்து நின்றார்கள். பாஸ்கர் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திங்களன்று அவர் கேட்ட கேள்வி என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்று நடக்கும் என்று காட்டுவது எளிது, நடந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். நடக்காது என்று காட்ட எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? எப்போது எழுந்தாலும் "இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா மூடியிருக்கும்" என்று ஒருவர் சொல்வார்.

அப்போதுதான் ராஜேந்திரன் தொட்டியைத் திருப்பினார். திருப்பியவர் கத்தினார்.

"இந்தா பாருங்க! இந்தா! மூடியிருக்கு!"

பின்பக்கம், இலைகளுக்கு அடியில், இன்னொரு குடுவை. சின்னது. அதன் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. நகம் நுழைய இடமில்லை.

கடை அதிர்ந்தது. "மூடியிருக்குலா!" "தே தாரிக் அக்கா கணக்கு!" ராஜேந்திரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. கொடிமலையில் நான் பார்த்த எல்லாக் குடுவைகளும் திறந்திருந்தன. மூடிய குடுவை ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆக, மூடுமா? என் புதிர், என் அரைப் பக்கம், எல்லாம் போயிற்றா?

"ஒங்களுக்கு எப்படி அவ்ளோ உறுதியாத் தெரியும்?" என்று ராஜேந்திரனைக் கேட்டேன். தோற்றவள் கேட்கிற கேள்வி.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? ஒங்க புதிர்லேர்ந்துதான்! 'பூச்சி விழுந்ததும் மூடிக்கொள்ளும் செடி.' எத்தன தடவ வந்துருக்கு! எங்க குழுவுல எல்லாருக்கும் மனப்பாடம். நீங்களே இப்ப மாத்திப் போட்டா நாங்க விடுவமா?"

நான் அப்படி ஒரு குறிப்பு எழுதியதே இல்லை. மெல்லத் திரும்பி பாஸ்கர் சாரைப் பார்த்தேன். அவர் செடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், தேவைக்கு மேல் உற்று.

தொழிலில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வாரா வாரம் புதிய குறிப்பு எழுதுவது நடக்காத காரியம். ஆகவே நன்றாக வந்த பழைய குறிப்பை எடுத்து, ஒரு வருடம் கழித்து மறுபடியும் போடுவோம். பிறகு இன்னொரு முறை. எல்லாப் புதிர்க்காரரும் செய்வதுதான். ஒரு குறிப்பு பத்திரிகையில் பலமுறை வந்தால் அது பொதுஅறிவு ஆகிவிடுகிறது. பினாங்கில் பாதிப் பேருக்கு அந்த மூடி மூடும் என்று சொல்லிக் கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் புதிர்தான்!

ஜமால் பாய்க்கு இது எதிலும் அக்கறை இல்லை. அவர் கண் சின்னக் குடுவையிலேயே இருந்தது.

"ராஜேந்திரன் தம்பி, உள்ள பூச்சி விழுந்ததாலதானே மூடிக்கிச்சு?"

"ஆமாண்ணே."

"அப்ப தொறந்து பாரு. பூச்சி இருக்கணும்லா?"

ராஜேந்திரன் முகம் மாறியது. "அறுக்கணுமா? பாவம்ணே, சின்னது."

"நான் அறுக்கட்டா?"

"வேணாம் வேணாம், நானே செய்றேன்."

பாய் பச்சைமிளகாய் நறுக்கும் சின்னக் கத்தியைக் கழுவிக் கொடுத்தார். ஒரு பழைய தட்டையும் வைத்தார், வைத்துவிட்டு "இந்தத் தட்டுல இனிமே சாப்பாடு வைக்காத" என்று மகனிடம் சொன்னார். ராஜேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு குடுவையை நெடுக்காகக் கீறினார். நான் பார்க்க முடியாமல் பாஸ்கர் சாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஆசிரியருடைய கை என்பது பிறகுதான் உறைத்தது.

உள்ளே கொஞ்சம் தெளிந்த நீர். அவ்வளவுதான். எறும்பு இல்லை, ஈ இல்லை, ஓர் இறக்கைத் துணுக்குகூட இல்லை.

"காலியா இருக்கு" என்றார் ராஜேந்திரன், நம்ப முடியாமல்.

"இப்ப பெருசக் கொட்டு" என்றார் பாய்.

பெரிய குடுவையைச் சாய்த்தார். தட்டில் கறுப்பாகக் கொட்டியது. எறும்பு, எறும்பு, மேலும் எறும்பு, நடுவில் ஒரு சின்ன வண்டின் ஓடு. வாரக்கணக்கில் சேர்ந்த கூட்டம். நர்சரியில் இருந்தபோது விழுந்தவை, அதற்கு முன்னால் விழுந்தவை.

ஜமால் பாய் நிமிர்ந்தார். கடைக்காரர் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மொத எறும்பு விழுந்ததும் மூடிக்கிட்டா மத்த எறும்பெல்லாம் எந்த வழியா வந்துச்சு? மொத கஸ்டமர் வந்ததும் நான் கடைய மூடிட்டா யாவாரம் நடக்குமாலா? தொறந்தே இருந்தாத்தானே வருவாங்க! அந்தச் சின்னது மூடல. அது இன்னும் கடையே தொறக்கல!"

அதற்கு எழுந்த கூச்சலில் நாற்காலி ஒன்று சாய்ந்தது. அதில் என் கூச்சலும் இருந்தது! நான் குதித்தேன் என்று பிறகு சொன்னார்கள். குதித்திருப்பேன். இளங்குடுவை வளரும்வரை மூடியிருக்கும், வளர்ந்ததும் ஒரே ஒரு முறை திறக்கும், அதற்குப் பிறகு மூடுவதே இல்லை. அன்று வீட்டில் அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் இது அப்படியே இருந்தது. நான் ஒரு பக்கம் முன்னாலேயே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ராஜேந்திரன் எல்லோருக்கும் தே தாரிக் சொன்னார். தோற்ற மனுஷன் மாதிரியே இல்லை. "அக்கா, இத எங்க குழுவுல சொன்னா நம்பமாட்டாங்க" என்று தட்டைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அறுத்த குடுவையை விரலால் தொட்டுப் பார்த்து, "பாவம்" என்றார்.


திருத்தம்

வியாழக்கிழமை சாயங்காலம். என் பக்கம் தயாராக இருந்தது. பாஸ்கர் சார் அறையிலிருந்து வந்து என் மேசை ஓரத்தில் நின்றார்.

"அந்தக் குறிப்பு என்னோடதுதான்."

"தெரியும் சார்."

"எங்க படிச்சேன்னுகூட ஞாபகம் இல்ல. நல்லா இருந்துச்சு, போட்டேன். எல்லாரும் சரியாப் போட்டாங்க. அதனால சரின்னு நெனச்சுட்டேன்." கையிலிருந்த தாளை என் மேசையில் வைத்தார். "திருத்தம் போடணும்தான். ஒன்னோட குறிப்புக்கு இல்ல."

தானே எழுதிக் கொண்டுவந்திருந்தார். பல வருடமாக இந்தப் பகுதியில் வந்த குறிப்பு பிழை, குடுவைச்செடியின் மூடி மூடாது, எழுதியவர் ஆசிரியர் என்று மூன்று வரி. தன் பெயரையும் போட்டிருந்தார். அதை என் புதிருக்கு மேலே, கட்டம் கட்டி வைத்தேன். முதலாளியிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கோலாலம்பூர்ப் பேச்சு அதற்குப் பிறகு அலுவலகத்தில் எழவில்லை.

புதிர் போட வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குறிப்பை இன்னொரு குறிப்பிலிருந்து எழுதாதீர்கள். செடியைப் பற்றி என்றால் போய்ச் செடியைப் பாருங்கள், மீனைப் பற்றி என்றால் மீன் பாசாருக்குப் போங்கள். பார்த்த பிறகும் "அதுக்கப்புறம்?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாசகர் கேட்பார். அவர் கேட்கட்டும். சரியான விடை எழுதியவர்கள் எல்லோரும் சேர்ந்து தவறாக இருக்க முடியும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். சண்டைக்கு வருகிற வாசகர் குடை பிடித்துக்கொண்டு செடியைத் தூக்கி வந்தால், அவரைக் கையெடுத்துக் கும்பிடுங்கள்.

ராஜேந்திரன் அந்தச் செடியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். "நீங்க தோத்திருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். மாடி ஜன்னலில், காலை வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறோம். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுகிறோம். அறுத்த குடுவை காய்ந்து விழுந்தது. கொஞ்ச நாளில் இன்னோர் இலை நுனி வீங்கி, சின்னப் பையாகி, மூடியோடு தலை தூக்கியது. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஜன்னலுக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு வந்தார்கள். ராஜேந்திரன் வாரம் இரண்டு முறை போன் செய்து "தொறந்துச்சா?" என்று கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பக்கம் அச்சுக்குப் போகிற நேரம், ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பல வருடம் ஊருக்கே மூடும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுடைய குரல்.

"மல்லிகா! ஓடி வா! தொறந்துருச்சு!"

ஓடினேன். எல்லோரும் ஓடினோம். கீழேயிருந்து ஜமால் பாய்கூடப் படியேறி வந்துவிட்டார், கையில் கரண்டியோடு. அன்றைக்குப் பக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் அச்சுக்குப் போனது.